மோதிரங்களை எண்ணினால் போதாது

2018 பிப்ரவரியில் மினியாபோலிஸ் நகரில் நடந்த சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் டாம் பிரேடி 505 யார்டு தூரத்துக்குப் பந்தை வீசிச் சேர்த்தார். அதுவரை எந்த இறுதியாட்டத்திலும் யாரும் அவ்வளவு தூரம் வீசியதில்லை. ஆனால், அவருடைய நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணி 41-33 என்று பிலடெல்பியாவிடம் தோற்றது. அடுத்த ஆண்டு அட்லாண்டாவில் நடந்த இறுதியாட்டத்தில் அதே பிரேடி ஒரு டச் டவுனுக்குக்கூடப் பந்து வீசவில்லை; ஒரு பந்தை எதிரணியிடம் பறிகொடுக்கவும் செய்தார். அந்த ஆட்டத்தில் அணி 13-3 என்று வென்றது. பிரேடியின் விரலில் ஆறாவது மோதிரம் ஏறியது.

அமெரிக்கக் கால்பந்தில் எல்லாக் காலத்துக்குமான மகத்தான வீரர் யார் என்று பேச்சு எழுந்தால், இப்போதெல்லாம் அது ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. “பிரேடியிடம் ஏழு மோதிரம் இருக்கிறது, வேறு யாரிடம் இருக்கிறது?” என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. சூப்பர் பவுல் வெல்லும் அணியின் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு மோதிரம் தருவது வழக்கம். அந்த மோதிரங்களை எண்ணி ஆட்களை வரிசைப்படுத்தும் பழக்கம் தொலைக்காட்சி அரங்குகளில் தொடங்கி எங்கும் வேரூன்றிவிட்டது. மேலே சொன்ன இரண்டு ஆட்டங்களே இந்தக் கணக்கு எவ்வளவு பிழையானது என்பதற்குச் சாட்சி. பிரேடி வரலாறு காணாத அளவுக்கு வீசிய ஆட்டத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை; சுமாராக ஆடிய ஆட்டத்தில் மகுடம் கிடைத்தது.

ஒரு வீரர் தன் காலத்துச் சக வீரர்களை விட்டு எவ்வளவு தூரம் முன்னே நின்றார், அவரைச் சமாளிக்க எதிரணிகள் எதையெல்லாம் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது என்று பார்ப்பதே நியாயமான அளவுகோல் என்பது என் கட்சி. கூடவே, அந்தக் காலத்தில் யாருக்குக் களத்தில் இடமே தரப்படவில்லை, யாருடைய உழைப்பை எவரும் எண்ணிக்கூட வைக்கவில்லை என்பதையும் கேட்டாக வேண்டும். இந்தக் கேள்விகளைக் கேட்டால் பட்டியல் வேறு மாதிரி அமையும்.

நம் வாசகர்களில் பலருக்கு இந்த ஆட்டம் பழக்கமில்லாதது. அணிக்கு 11 பேர். 100 யார்டு நீளக் களம். ஒரு யார்டு என்பது மூன்றடி. பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டாவது முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நான்கு முயற்சிகள். இல்லையென்றால் பந்து கைமாறும். எதிர்முனையில் உள்ள எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்த்தால் டச் டவுன், ஆறு புள்ளி. பந்தை வாங்கி, ஓடுபவரிடம் கொடுப்பதா, தொலைவில் ஓடிக்கொண்டிருப்பவருக்கு வீசுவதா என்று கண நேரத்தில் முடிவெடுப்பவர் குவார்ட்டர்பேக். தாக்குவதற்கு ஒரு பிரிவு, தடுப்பதற்கு ஒரு பிரிவு, உதைப்பதற்கு ஒரு பிரிவு என்று ஆட்கள் தனித்தனி. பந்து கைமாறியதும் குவார்ட்டர்பேக் வெளியே வந்து உட்கார்ந்துவிடுவார்.

அப்படி பிரேடி வெளியே இருந்த நேரத்தில்தான் அவருடைய நான்காவது மோதிரம் உறுதியானது. 2015 இறுதியாட்டத்தில் அரை நிமிடம்கூட மிச்சமில்லை. 28-24 என்று பின்தங்கியிருந்த சியாட்டில் அணி, எல்லைக்கோட்டிலிருந்து ஒரே ஒரு யார்டு தூரத்தில் பந்தோடு நின்றது. அவர்கள் வீசிய பந்தை மால்கம் பட்லர் என்ற இளைஞர் பாய்ந்து பறித்தார். எந்த அணியும் தேர்வில் எடுக்காமல் விட்டு, அந்தப் பருவத்தில்தான் பேட்ரியாட்ஸில் சேர்ந்திருந்தவர் அவர். பட்லரின் கை ஓர் அங்குலம் தள்ளிப் போயிருந்தால் பிரேடியின் கணக்கில் ஒன்று குறைந்திருக்கும். அதனால் பிரேடி அன்று வீசிய நான்கு டச் டவுன்களின் மதிப்பு குறைந்துவிடுமா? எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். டேன் மரினோ 1984இல் 5,084 யார்டு வீசி, 48 டச் டவுன்களைக் கொடுத்தார். அன்றைய ஆட்டத்தில் நினைத்துப்பார்க்கவே முடியாத எண்கள் அவை. அவர் ஒரு சூப்பர் பவுலும் வெல்லவில்லை. பால்டிமோர் ரேவன்ஸின் வலுவான தடுப்பாட்டத்தின் துணையோடு 2001 ஜனவரியில் மோதிரம் பெற்ற டிரென்ட் டில்ஃபரை மரினோவுக்கு மேலே வைக்கும் துணிச்சல் மோதிரக் கணக்குக்காரர்களுக்கும் வராது.

பிரேடியைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. 2000ஆம் ஆண்டு வீரர் தேர்வில் 198 பேருக்குப் பிறகு அழைக்கப்பட்டவர், 23 பருவங்கள் ஆடி, 45 வயதில் விடைபெற்றார். 649 டச் டவுன், 89,214 யார்டு. 2017 இறுதியாட்டத்தில் 28-3 என்று பின்தங்கிக் கிடந்த அணியை நிமிர்த்தி வெல்ல வைத்த அந்த இரவு ஒன்று போதும், அவர் நெஞ்சுரத்துக்கு. குவார்ட்டர்பேக்குகளில் அவர்தான் முதல்வர் என்றால் நான் எதிர்வாதம் செய்யமாட்டேன். என் எதிர்வாதமெல்லாம், குவார்ட்டர்பேக்குகளில் முதல்வர் என்றாலே வீரர்கள் எல்லோரிலும் முதல்வர் என்று எடுத்துக்கொள்ளும் போக்கின் மீதுதான். பருவத்தின் மிகச் சிறந்த வீரர் விருது 2013 முதல் 2024 வரை ஒவ்வோர் ஆண்டும் குவார்ட்டர்பேக்குகளுக்கே போயிருக்கிறது. ஆட்டத்தில் அவர்களைச் சுற்றி இன்னும் பத்துப் பேர் ஆடுகிறார்கள்.

விதி மாறினால் எண்ணும் மாறும்

வெவ்வேறு காலத்து வீரர்களின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது பெரும்பாலும் ஏமாற்றும். ஜோ நமத் 1967இல் 4,007 யார்டு வீசியபோது, ஒரு பருவத்தில் நாலாயிரத்தைத் தொட்ட முதல் ஆள் அவர்தான். அடுத்தவர் தொட 1979 ஆனது. இன்று ஒவ்வொரு பருவத்திலும் பலர் அதைத் தாண்டுகிறார்கள். இன்றைய இளைஞர்களின் தோள் வலிமை கூடிவிட்டதால் வந்த மாற்றமல்ல இது. 1978இல் கொண்டுவந்த விதிகள், பந்தைப் பிடிக்க ஓடுபவரை ஐந்து யார்டுக்கு அப்பால் தொட்டுத் தடுக்கக் கூடாது என்றன. குவார்ட்டர்பேக்கைக் காப்பவர்கள் கைகளை நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தள்ளலாம் என்றன. பிட்ஸ்பர்க் அணியின் மெல் பிளவுண்ட் எதிராளிகளைக் களம் முழுக்க இடித்துக்கொண்டே போய் அவர்களுடைய ஆட்டத்தையே முடக்கிவந்தார். ஐந்து யார்டு விதிக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். ஒரு மனிதரைக் கட்டுப்படுத்த விதிப்புத்தகத்தைத் திருத்த வேண்டியிருந்தது என்பதைவிட ஒரு தடுப்பாட்டக்காரருக்கு வேறென்ன பாராட்டு வேண்டும்?

பருவத்தின் நீளமும் அப்படித்தான். ஐம்பதுகளில் 12 ஆட்டங்கள், 1961 முதல் 14, 1978 முதல் 16, 2021 முதல் 17. ஓ.ஜே. சிம்ப்சன் 1973இல் 14 ஆட்டங்களில் 2,003 யார்டு ஓடினார். எரிக் டிக்கர்சன் 1984இல் 16 ஆட்டங்களில் 2,105 ஓடிச் சாதனையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். ஆட்டத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் சிம்ப்சனுக்கு 143, டிக்கர்சனுக்கு 132. சாதனைப் பட்டியல் இப்படியெல்லாம் வகுத்துப் பார்ப்பதில்லை.

இது பழைய வீரர்களுக்கு மட்டும் பாதகமான கணக்கு என்றும் நினைத்துவிட வேண்டாம். டிக் லேன் என்பவர் 1952இல் தன் முதல் பருவத்திலேயே, 12 ஆட்டங்களில், எதிரணி வீசிய 14 பந்துகளைப் பறித்தார். இன்று வரை அதை யாரும் எட்டவில்லை. லேனின் திறமை அபாரம், ஐயமில்லை. ஆனாலும் அன்று வீசப்பட்ட பந்துகளில் ஏறக்குறைய பாதிதான் உரியவர் கையில் போய்ச் சேர்ந்தன. இன்று மூன்றில் இரண்டு சேர்கின்றன. பறிப்பதற்கு அன்று பந்துகள் நிறையக் கிடைத்தன.

கதவுக்கு வெளியே நின்றவர்கள்

காலங்களை ஒப்பிடும்போது பலரும் தொடாமல் தாண்டிப்போகும் இடத்துக்கு வருகிறேன். டான் ஹட்சன், கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்கு 1935 முதல் 1945 வரை ஆடியவர். ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கும் கலையை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் அவரே. 1942இல் அவர் 74 பந்துகளைப் பிடித்தார். தொழில்முறை லீகில் அடுத்த இடத்தில் இருந்தவர் பிடித்தது 27. அவர் பிடித்த 99 டச் டவுன்கள் என்ற சாதனை 1989 வரை உடையவில்லை. 1945இல் டெட்ராய்ட்டுக்கு எதிராக ஆட்டத்தின் ஒரே கால் பகுதியில் 29 புள்ளிகள் எடுத்தார். தடுப்பாட்டத்திலும் நின்றார், பந்தையும் உதைத்தார். நான் சொல்லும் அளவுகோலை இயந்திரம்போல் வைத்து அளந்தால் ஹட்சன்தான் முதலிடத்தில் வந்து நிற்பார்.

ஆனால், அவர் யாரோடு போட்டியிட்டார்? 1934 முதல் 1945 வரை அந்த லீகில் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. எழுதிவைக்காத தடை அது. இருபதுகளில் நிலைமை அப்படி இருக்கவில்லை. ஃபிரிட்ஸ் பொல்லார்ட் என்ற கறுப்பினத்தவர் 1921இலேயே ஆக்ரன் அணியின் வீரராகவும் பயிற்சியாளராகவும் இருந்தார். 1933 பருவம் முடிந்ததும் கதவு சாத்தப்பட்டது. உரிமையாளர்கள் யாரும் அதைப் பற்றி வெளியில் வாய் திறக்கவில்லை. ஹட்சனின் 1942 பருவத்தில் போர் வேறு; வீரர்கள் பலர் ராணுவத்துக்குப் போயிருந்தார்கள்.

அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் வெளியே நின்றவர்களில் ஒருவர் கென்னி வாஷிங்டன். லாஸ் ஏஞ்சலிஸின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில், பின்னாளில் பேஸ்பாலில் புகழ்பெற்ற ஜாக்கி ராபின்சனோடு ஒரே அணியில் ஆடியவர். 1939இல், ஓட்டமும் வீச்சும் சேர்ந்த கணக்கில் நாட்டிலுள்ள கல்லூரி வீரர்கள் எல்லோரையும் முந்தினார். தொழில்முறை லீகில் ஒரு அணியும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. மேற்குக் கடற்கரையின் சிறு லீகில், ஹாலிவுட் பேர்ஸ் என்ற அணிக்கு ஆடி, முழங்கால்களைத் தேய்த்துக்கொண்டார். 1946இல் கிளீவ்லேண்டிலிருந்து ராம்ஸ் அணி லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்தது. அவர்கள் வாடகைக்குக் கேட்ட கொலிசியம் அரங்கம் பொதுப் பணத்தில் கட்டியது. ‘நாங்களும் வரி கட்டித்தானே கட்டினோம், எங்கள் ஆட்களை ஒதுக்கும் அணிக்கு அங்கே என்ன வேலை?’ என்ற கேள்வியை, ஹேலி ஹார்டிங் முதலான கறுப்பினப் பத்திரிகையாளர்கள் அரங்க நிர்வாகத்தின் முன்னால் போய் வைத்தார்கள். ராம்ஸ் அணிக்கு வேறு வழி இருக்கவில்லை. கென்னி வாஷிங்டனுக்கும் அவருடைய கல்லூரித் தோழர் வுடி ஸ்ட்ரோடுக்கும் ஒப்பந்தம் கொடுத்தார்கள். ஜாக்கி ராபின்சன் பேஸ்பால் பெரிய லீகில் கால்வைப்பதற்கு ஓராண்டு முன்பு நடந்தது இது.

அப்போது வாஷிங்டனுக்கு வயது 27. முழங்கால்கள் பலமுறை காயம்பட்டவை. மூன்று பருவங்கள்தான் தாக்குப்பிடித்தார். ஆனாலும் 1947இல் ஒருமுறை பந்தோடு 92 யார்டு ஓடி டச் டவுன் எடுத்தார். ராம்ஸ் அணி வரலாற்றில் அதைவிட நீண்ட ஓட்டம் இன்னும் இல்லை. அந்தப் பருவத்தில் பந்தைக் கையில் வாங்கிய ஒவ்வொரு முறையும் சராசரியாக 7.4 யார்டு போனார்; லீகிலேயே முதலிடம். தேய்ந்துபோன முழங்காலோடு 29 வயதில் இது என்றால், 21 வயதில் என்ன செய்திருப்பார்? அந்த எண்ணை யாராலும் நிரப்ப முடியாது. நிரப்ப முடியாத அந்தக் கட்டத்தை மறைத்துவிட்டு ஹட்சனை எல்லாக் காலத்துக்கும் முதல்வர் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. தவறு ஹட்சனுடையது அல்ல. ஆனால், பாதி வாசல் மூடியிருந்த வீட்டில் பெற்ற முதலிடம் அது. தடை உடைந்த பிறகும் தலைநகரின் வாஷிங்டன் அணி கடைசி வரை பிடிவாதம் பிடித்தது. கூட்டாட்சி அரசின் நிலத்தில் கட்டிய அரங்கத்தை உங்களுக்குத் தரமாட்டோம் என்று கென்னடி அரசின் உள்துறை அமைச்சர் ஸ்டூவர்ட் யூடால் மிரட்டிய பிறகே, 1962இல் கறுப்பின வீரர்களைச் சேர்த்தது.

ஜிம் பிரவுன்

என் கணிப்பில் முதலிடம் ஜிம் பிரவுனுடையது. கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணிக்கு 1957 முதல் 1965 வரை ஒன்பதே பருவங்கள் ஆடினார். 118 ஆட்டங்கள், ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. ஓடிக் கடந்தது 12,312 யார்டு. ஒன்பதில் எட்டுப் பருவங்களில் ஓட்டத்தில் அவர்தான் லீகில் முதல்வர். 1958இல் 12 ஆட்டங்களில் 1,527 யார்டு ஓடினார். இரண்டாம் இடம் பிடித்த பால்டிமோரின் ஆலன் அமீச்சி ஓடியது 791. ஏறக்குறைய இரண்டு மடங்கு! 1963இல் பிரவுன் 1,863. அடுத்து வந்த ஜிம் டெய்லர் 1,018.

கிரிக்கெட்டில் பிராட்மனை நாம் ஏன் தனியாக வைக்கிறோம்? மொத்த ரன்களில் அவரைத் தாண்டியவர்கள் ஏராளம். 99.94 என்ற சராசரிக்குப் பக்கத்தில்கூட யாரும் வரவில்லை என்பதால்தானே. பிரவுனின் மொத்தத்தை வால்டர் பேட்டன் 1984இல் கடந்தார், பிறகு எம்மிட் ஸ்மித் 18,355 வரை கொண்டுபோனார். ஆனால், ஸ்மித்துக்கு அதற்கு 226 ஆட்டங்கள் தேவைப்பட்டன. ஆட்டத்துக்கு 81 யார்டு. பிரவுனுக்கு ஆட்டத்துக்கு 104. வாழ்நாள் முழுவதற்குமான சராசரி 100ஐத் தாண்டிய ஓட்டக்காரர் அவர் ஒருவரே.

“அந்தக் காலத்தில் எதிரே நின்றவர்கள் சின்ன ஆட்கள்” என்பதுதான் பிரவுனுக்கு எதிராக வழக்கமாகச் சொல்லப்படும் வாதம். பிரவுனின் எடை ஏறக்குறைய 105 கிலோ. அவரைத் தடுப்பதையே பிழைப்பாகக் கொண்டிருந்த நியூயார்க் ஜயன்ட்ஸின் சாம் ஹஃப்பும் கிட்டத்தட்ட அதே எடை. இன்றைய தடுப்பு வரிசையில் 130, 140 கிலோ ஆட்கள் நிற்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால், அன்று லீகில் பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு அணிகள்தான், இன்று 32. அன்று ஒவ்வோர் அணியிலும் இடம்பிடிப்பது அவ்வளவு கடினம். பந்து வீச்சு இன்றைய அளவு வளராத காலம் என்பதால், ஓட்டக்காரரைத் தடுப்பதற்கே எதிரணிகள் தங்கள் ஆட்களைக் குவித்து வைத்தன. ஓடிவருபவரின் ஹெல்மெட் கம்பியைப் பிடித்து இழுத்து வீழ்த்துவதுகூட 1962 வரை குற்றமாகக் கருதப்படவில்லை. இப்போதைய உணவும் உடற்பயிற்சியும் மருத்துவமும் கிடைத்திருந்தால் பிரவுன் இன்னும் எவ்வளவு வளர்ந்திருப்பார் என்பதையும் இந்த வாதக்காரர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பழைய படச்சுருள்களைப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். மூன்று பேர், நான்கு பேர் சேர்ந்து பிரவுனைத் தரையில் சாய்க்கிறார்கள். அவர் உடனே எழுவதில்லை. ஒரு கையை ஊன்றி, முழங்காலில் நின்று, உடம்பெல்லாம் நொந்தவர்போல மெல்ல எழுகிறார். தலையைத் தொங்கப்போட்டபடி மெதுவாகத் தன் அணியிடம் திரும்புகிறார். ஒவ்வொரு முறையும் இதே நடை, இதே வேகம். உண்மையாகவே அடிபட்ட நாளிலும் எதிராளிக்கு அது தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகத் தானே பழக்கிக்கொண்ட வழக்கம் அது. அடுத்த முறை பந்து கைக்கு வந்ததும், அந்தத் தள்ளாடும் மனிதர் காணாமல் போயிருப்பார். இடது கையை நீட்டி ஒருவரைத் தள்ளிவிட்டு, தோளால் இன்னொருவரை இடித்துச் சாய்த்து, திறந்த வெளி கிடைத்தால் ஓட்டப்பந்தய வீரர்போலப் பறப்பார்.

1966 கோடையில் ‘தி டர்ட்டி டசன்’ படத்தின் படப்பிடிப்புக்காக லண்டனில் இருந்தார். பயிற்சி முகாமுக்கு வராவிட்டால் அபராதம் என்றார் அணி உரிமையாளர் ஆர்ட் மொடெல். முப்பது வயதில், முந்தைய பருவத்தின் சிறந்த வீரர் விருதோடு, பிரவுன் ஆட்டத்தையே விட்டுவிட்டார். இன்னும் மூன்று பருவங்கள் ஆடியிருந்தால் என்ற கேள்வி அவரைப் பொறுத்தவரை தேவையற்றது. இருக்கிற ஒன்பதே போதும்.

களத்துக்கு வெளியே அவர் கதை அவ்வளவு எளிதல்ல. 1967இல் ராணுவச் சேவையை மறுத்த முகமது அலிக்கு ஆதரவாகக் கறுப்பின விளையாட்டு வீரர்களைக் கிளீவ்லேண்டில் கூட்டியவர் பிரவுன். அதே மனிதர் பெண்களை அடித்ததாகப் பல முறை குற்றச்சாட்டுக்கு உள்ளானவர்; மனைவியின் காரை அடித்து நொறுக்கிய வழக்கில் தண்டனை பெற்று 2002இல் சிறையில் இருந்தவர். இதைச் சொல்லாமல் அவரை வாழ்த்துவது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநீதி. நான் அளப்பது ஆட்டத்தை. சிலை வைக்கச் சொல்லவில்லை.

ஆட்டத்தை மாற்றியவர்கள்

எதிரணிகளை மாறவைத்த விதத்தில் லாரன்ஸ் டெய்லருக்கு நிகர் இல்லை. 1981இல் ஜயன்ட்ஸ் அணிக்கு வந்தார். வெளிப்பக்கத்திலிருந்து பாய்ந்து குவார்ட்டர்பேக்கை வீழ்த்தும் லைன்பேக்கர்களை மறிப்பது அதுவரை பின்வரிசை ஓட்டக்காரர்களின் வேலை. டெய்லரின் எடை 107 கிலோ. வேகமோ தன்னைவிட மெலிந்தவர்களுக்குச் சமம். மறிக்க வந்தவர்களை அவர் துடைத்து எறிந்துவிட்டுப் போனார். 1982 ஜனவரியில் நடந்த ஆட்டத்துக்கு சான் பிரான்சிஸ்கோ பயிற்சியாளர் பில் வால்ஷ் ஒரு வழி கண்டார். முன்வரிசை நடுவில் நிற்கும் ஜான் அயர்ஸ் என்ற கனத்த ஆளைப் பின்னால் இழுத்து, டெய்லருக்கு மட்டும் காவல் வைத்தார். அன்றைக்கு 38-24 என்று வென்றார்கள். வாஷிங்டன் அணியின் ஜோ கிப்ஸ் இவருக்காகவே வீரர்களை நிறுத்தும் முறையைத் திருத்தினார். வலது கையால் வீசுபவரின் பார்வை படாத இடது பக்கத்தைக் காக்கும் ஆளுக்கு இன்று கோடிக்கணக்கில் சம்பளம் தருகிறார்கள் என்றால், அதற்குத் தொடக்கப்புள்ளி டெய்லர்தான். 1986இல் பருவத்தின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. தடுப்பாட்டக்காரர் ஒருவர் அதைப் பெற்றது அவருக்கு முன்பு ஒரே ஒருமுறை, 1971இல் ஆலன் பேஜ். டெய்லருக்குப் பிறகு ஒருவரும் இல்லை. (போதைப்பொருளால் தடைபட்டதும் பிற்காலத்தில் வந்த பாலியல் வழக்கும் இவர் வாழ்க்கையின் கறைகள்.) என் பட்டியலில் அவர் இரண்டாமவர்.

மூன்றாவதாக ஜெர்ரி ரைஸ். மிசிசிப்பியில் கொத்தனாரின் மகன். அப்பாவுக்குத் துணையாகக் கட்டட வேலைக்குப் போய், அண்ணன் தம்பிகள் தூக்கிப்போடும் செங்கல்லைப் பிடித்துப் பழகிய கை. பந்து பிடித்த தூரம் 22,895 யார்டு. அவருக்கு அடுத்த லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு 17,492. இடைவெளியே ஐயாயிரத்துக்கு மேல். 40 வயதைத் தொட்ட 2002 பருவத்தில் 92 பந்துகளைப் பிடித்தார். ஜோ மொன்டானா, ஸ்டீவ் யங் என்று இரண்டு மேதைகள் அவருக்கு அடுத்தடுத்து வீச்சாளர்களாக வாய்த்தார்கள். 1978 விதிகளும் துணைநின்றன. அதற்காகத்தான் அவரை மூன்றில் நிறுத்துகிறேன். நான்கு இறுதியாட்டங்களில் நான்கையும் வென்று, 122 முறை வீசி ஒரு பந்தையும் பறிகொடுக்காத மொன்டானாவையும், பிரேடியையும் அடுத்தடுத்து வைப்பேன். குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார். அவரை இப்போதே வரிசையில் செருகும் அவசரம் எனக்கில்லை.

இந்தப் பட்டியலிலும் ஒரு குறை இருக்கிறது. முன்வரிசையில் குனிந்து நின்று, குவார்ட்டர்பேக்கைக் காத்து, ஓட்டக்காரருக்கு வழி திறக்கும் ஐந்து பேருக்கு எந்த எண்ணும் இல்லை. பருவத்தின் சிறந்த வீரர் விருதை 1982இல் பந்தை உதைக்கும் மார்க் மோஸ்லிக்குக்கூடக் கொடுத்திருக்கிறார்கள். முன்வரிசைக் காவலர் ஒருவருக்கும் இதுவரை கொடுத்ததில்லை. சின்சினாட்டியின் ஆன்டனி மூன்யோஸ்போல் தன் இடத்தில் ஆடியவர் வேறு யாருமில்லை என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அதை நிரூபிக்க ஓர் எண் எங்கே? பிட்ஸ்பர்க்கின் மைக் வெப்ஸ்டர் 17 பருவங்கள் அந்த வரிசையின் நடுவில் நின்று தலையால் மோதினார். நான்கு மோதிரங்கள் பெற்றார். 50 வயதில், 2002இல் இறந்தபோது, மருத்துவர் பென்னட் ஒமாலு அவருடைய மூளையை ஆராய்ந்து, மோதல்கள் விட்டுச்சென்ற சிதைவைக் கண்டறிந்தார். இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய விவகாரமே அதிலிருந்து வெடித்தது.

எண்ணாமல் விட்டதில் கொஞ்சத்தை இப்போதும் சரிசெய்ய வழி உண்டு. குவார்ட்டர்பேக்கைப் பின்வாங்கிய இடத்திலேயே வீழ்த்துவதற்கு ‘சாக்’ என்று பெயர் வைத்தவர் அறுபதுகளில் ராம்ஸ் அணிக்கு ஆடிய டீக்கன் ஜோன்ஸ். லீக் அதை அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியதோ 1982இல். அதனால் பெயர் வைத்தவரின் கணக்கில் அதிகாரபூர்வமாக ஒன்றும் இல்லை. டெய்லரின் முதல் பருவத்து வேட்டையும் சேராது. ஆர்வலர்கள் சிலர் பழைய ஆட்டக் குறிப்புகளையும் படச்சுருள்களையும் ஆண்டுக்கணக்கில் அலசி, 1960 வரை பின்னோக்கிப் போய்க் கணக்கெடுத்துவிட்டார்கள். ஜோன்ஸுக்கு 173.5 வருகிறது, இன்றைய அதிகாரபூர்வப் பட்டியலிலேயே முதல் சில இடங்களுக்குள் வரும் எண் அது. லீக் இன்னும் அதை ஏற்கவில்லை. பேஸ்பால் நிர்வாகம் 2024இல், நிறவெறியால் ஒதுக்கப்பட்டிருந்த கறுப்பினத்தவர் லீகுகளின் எண்களைத் தன் ஏடுகளில் சேர்த்துக்கொண்டது. ஜோஷ் கிப்சனின் பெயர் வாழ்நாள் சராசரியில் எல்லோருக்கும் மேலே ஏறியது. கால்பந்து லீக் அதே வழியில் போவதற்குப் புதிதாக ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. கணக்கு தயாராக இருக்கிறது. 1982 என்ற கோட்டை 1960க்கு நகர்த்தி அடுத்த பருவத்தின் சாதனை ஏட்டை அச்சிட வேண்டியதுதான் பாக்கி.